திண்ணை மெழுகிற்று

குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற பெரியம்மை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் அந்த அத்தியாயத்தை வாசித்தேன். முனைவர் பட்ட ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதி முடித்திருந்தேன். அதில் ஒரு பகுதியைத் தமிழில் எழுதித் தரும்படி ஒரு சிற்றிதழ்க்காரர் கேட்டிருந்தார். ஆய்வு முழுக்க அண்டி ஆபீஸ் பெண்களைப் பற்றியது. எங்கள் ஊரில் அண்டி என்றால் முந்திரிக் கொட்டை, அண்டி ஆபீஸ் என்றால் அதை உடைக்கிற ஆலை. பெரியம்மை முப்பத்தோரு வருடம் அண்டி ஆபீஸில் பருப்பு உடைத்தவள். எனக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டியதிலும் அந்தக் கூலியில் ஒரு பங்கு உண்டு. அதனால் அச்சுக்குப் போவதற்கு முன்னால் அவள் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவள் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கோவிலில் வேதபாடம் கேட்கிற மாதிரி ஒரு மரியாதை அந்த முகத்தில் இருந்தது. இருபது நிமிடம் வாசித்திருப்பேன். ஒரு வாக்கியத்தில் கண்ணைத் திறந்தாள். "தொழிலாளர்களின் உண்மைக் கூலி பல்வேறு நுண்ணிய வழிகளில் தொடர்ந்து குறைக்கப்பட்டது" என்பது அந்த வாக்கியம்.

"எழுதினது கொள்ளாம் மக்களே. ஆனா குறைச்சது ஆரு? அதைப் போடலியே" என்றாள்.

"அது ஒரு ஆளு இல்ல பெரியம்மை. ஒரு அமைப்பு" என்றேன். அதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை. ஐந்து வருடம் படித்தது அந்தப் பதிலுக்காகத்தான். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அப்புறம் தன் கையைப் பார்த்தாள். "அமைப்பு எடை போடுமா மக்களே? எனக்க பருப்பை எடை போட்டது ஒரு மனுசன்லா" என்றாள். குரலில் கோபம் இல்லை. தெரியாததைக் கேட்கிற குரல். எனக்கும் தெரியவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மீதி அத்தியாயத்தை அன்றைக்கு வாசிக்கவில்லை.

அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்டியின் ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் பொசுக்கும். அது படாமல் இருக்க வேறு எண்ணெயையும் சாம்பலையும் கையில் பூசிக்கொண்டு உட்கார்வார்கள். இடது கை விரலால் அண்டியை நிறுத்தி, வலது கைக் கட்டையால் ஒரு தட்டு. பருப்பு உடையாமல் ஓடு மட்டும் பிளக்கிற அளவுக்கு ஒரு தட்டு. அது கைக்கு வர ஒரு வருடம் ஆகும் என்பாள். வேலையை விட்டுப் பல வருடம் ஆன பிறகும் அவள் இடது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்தே இருக்கின்றன. நுனியில் ரேகை கிடையாது, வழவழப்பாக இருக்கும். ரேஷன் கடையில் விரல் வைக்கிற மெஷின் வந்த பிறகு அவள் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, கடைசியில் வலது கைச் சுண்டு விரலில்தான் அரிசி வாங்குகிறாள். இந்தக் கையைப் பற்றி என் ஆய்வேட்டில் ஒரு வரி உண்டு: "தொழில்சார் உடல்நலப் பாதிப்புகள் கண்டறியப்பட்டன."

பட்டது, பட்டது, பட்டது

அன்றைக்கு ராத்திரி அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் 'ப்பட்டது' என்று முடிகிற இடங்களை எல்லாம் வட்டமிட்டேன். முப்பத்தெட்டுப் பக்கத்தில் இருநூறுக்கு மேல். மறுக்கப்பட்டது, ஒதுக்கப்பட்டது, சுரண்டப்பட்டது, ஒழுங்குபடுத்தப்பட்டது. இவ்வளவு நடந்திருக்கிறது, செய்தவர் ஒருவர்கூட இல்லை. செய்பவராக வருகிற இடத்தில் எல்லாம் ஆணாதிக்கம், உலகமயமாதல், சந்தை, அமைப்பு. அண்டி ஆபீஸுக்குள் மனிதர்களாக இருந்தவர்கள் அந்தப் பெண்கள் மட்டும்தான். அவர்களும் வாங்கிக்கட்டிக்கொள்கிற இடத்தில்தான் இருந்தார்கள்.

ஆங்கிலத்தில் எழுதியபோது இது என் கண்ணில் படவே இல்லை. தமிழில் எழுதியதும் பெரியம்மைக்கு உடனே இடித்தது. ஏன் என்று யோசித்தபோது, நம் வினைமுற்றின் வாலில் விஷயம் இருப்பது புரிந்தது. "கூலியக் குறைச்சுப் போட்டாவ" என்று பெரியம்மை சொன்னால் அதில் எழுவாய் இல்லை. ஆனால் 'போட்டாவ' என்கிற விகுதிக்குள் ஆட்கள் நிற்கிறார்கள். பெயர் தெரியாது, எத்தனை பேர் என்று தெரியாது, ஆனால் மனிதர்கள். நான் "கூலி குறைக்கப்பட்டது" என்று எழுதியதும் அந்த விகுதி அஃறிணையாகிவிட்டது. பேச்சுத் தமிழில் இந்தச் செயப்பாட்டு வினை அநேகமாகக் கிடையாது. சந்தையில் நின்று யாரும் "மீன் என்னால் வாங்கப்பட்டது" என்பதில்லை. 'படு' என்று நாம் சொல்வதெல்லாம் பாடுபடுவது, கஷ்டப்படுவது, அடிபடுவதுதான். அனுபவிக்கிறவரின் பக்கத்துச் சொல் அது. அந்தச் சொல்லையே செய்தவரை மறைக்கிற திரையாக எழுத்தில் பழக்கிக்கொண்டோம்.

"உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே" என்றுதான் தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்குகிறது. மக்களா, மற்றதா? மொழி முதலில் கேட்கிற கேள்வியே அது. அந்த நூலைக் கேட்டுச் சரிபார்த்த அதங்கோட்டாசான் எங்கள் விளவங்கோடு அதங்கோட்டுக்காரர் என்பது ஊரில் எல்லாருக்கும் உறுதியான நம்பிக்கை. நானும் அந்த நம்பிக்கையில் வளர்ந்தவள்தான். அந்தப் பக்கத்து ஊரில் பிறந்துவிட்டு, இருநூறு இடத்தில் திணை மாற்றி எழுதியிருக்கிறேன்.

ஆனால் தொல்காப்பியத்தில் இன்னொரு சூத்திரமும் இருக்கிறது. "செயப்படு பொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே." செயலுக்கு உள்ளான பொருளையே செயலைச் செய்ததுபோலச் சொல்வதும் வழக்கில் உண்டு என்கிறது. உரையாசிரியர்கள் இதற்குத் தரும் உதாரணம் "திண்ணை மெழுகிற்று". அதோடு "கலம் கழீஇயிற்று". கல்லூரியில் இதை மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த ராத்திரிதான் அதை முதல்முறையாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். திண்ணை தன்னைத் தானே மெழுகிக்கொள்ளாது. பாத்திரம் தன்னைத் தானே கழுவிக்கொள்ளாது. யாரோ ஒருத்தி குனிந்து மெழுகினாள், யாரோ ஒருத்தி உட்கார்ந்து தேய்த்தாள். ஆளைச் சொல்லாமல் வேலையை மட்டும் சொல்வதற்கு உதாரணம் தேடியவர்களுக்கு முதலில் கைக்குக் கிடைத்த இரண்டும் வீட்டு வேலைகள். ஆகவே குற்றத்தை முழுக்க ஆங்கிலத்தின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆளை விழுங்குகிற வழி நம்மிடமும் பழையது. 'சோறு ஆச்சா' என்று கேட்கிற வீட்டில்தானே நாமெல்லாம் வளர்ந்தோம்.

ஓடும் கூண்டும்

'அமைப்பு' என்பதைப் பற்றியும் இவ்வளவு நாள் நான் யோசித்ததில்லை. அது ஒரு உவமை என்பதே மறந்துபோயிருந்தது. மார்க்ஸ் 1859-ல் எழுதிய ஒரு முன்னுரையில்தான் சமூகத்தை ஒரு கட்டடமாகச் சொல்கிறார். பொருளாதாரம் அடித்தளம், சட்டமும் அரசியலும் அதன் மேல் எழும்பும் கட்டுமானம். எங்கள் ஊரில் வீடு கட்ட வானம் தோண்டுகிறவரை நின்று பார்த்தவர்களுக்கு இந்த உவமை ஒரு நொடியில் பிடிபடும். கடகால் சரியில்லை என்றால் மேலே எவ்வளவு பூசினாலும் சுவர் வெடிக்கும். ஆனால் கட்டடம் என்று சொன்னதும் அதில் வாழ்கிறவர்கள் அதை அசைக்க முடியாது என்பதும் கூடவே வந்துவிடுகிறது. மார்க்ஸ் அதை நினைத்தாரா இல்லையா என்பது வேறு. உவமை தன் சரக்கைத் தானே இறக்கிவிடுகிறது. சமூகவியலாளர் ஸ்பென்சரும் அவர் வழி வந்தவர்களும் சமூகத்தை உடம்பு என்றார்கள். உடம்பு என்றதும் கையின் வேலை கைக்கு, தலையின் வேலை தலைக்கு என்று ஆகிவிடுகிறது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இன்னொரு சமூகவியலாளர் கோஃப்மன் அன்றாட வாழ்க்கையை நாடக மேடை என்றார். கீழே நிறுத்திவைத்த சாதிகள் மேல்சாதி வழக்கங்களை எடுத்துக்கொண்டு மேலே வரப் பார்ப்பதை எம்.என். சீனிவாஸ் 1952-ல் சமஸ்கிருதமயமாதல் என்றபோது ஒரு ஏணி வந்து நின்றது. ஏறுகிறவர்கள் கண்ணில் பட்டார்கள், ஏணியைப் பிடித்து உதைத்தவர்கள் அவ்வளவாகக் கண்ணில் படவில்லை.

இதில் எனக்கு ரொம்பவும் பிடித்தது ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரின் 'இரும்புக் கூண்டு'. நவீனப் பொருளாதாரத்துக்குள் மனிதன் மாட்டிக்கொண்ட நிலையை அவர் அப்படிச் சொன்னதாக எல்லாரும் எழுதுகிறோம். நானும் ஒரு அத்தியாயத்துக்கே அதைத் தலைப்பாக வைத்திருந்தேன். ஆனால் கூண்டு வெபருடையது இல்லை. 1930-ல் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்த அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் போட்ட சொல் அது. ஜெர்மன் மூலத்தில் இருப்பது எஃகைப் போல இறுகிய ஒரு ஓடு அல்லது உறை. நத்தையின் ஓட்டுக்கும் அதே சொல்தான். கூண்டு என்றால் வெளியிலிருந்து யாரோ பூட்டியிருக்கிறார்கள், கம்பி வழியே வெளியே பார்க்கலாம், ஒருநாள் கதவு திறக்கும். ஓடு அப்படியில்லை. உடம்போடு சேர்ந்து வளர்ந்தது, அதைக் கழற்றினால் உள்ளே இருப்பதும் நோகும். ஒரு சொல் மாறியதும் கோட்பாடே வேறாகிவிட்டது. உலகம் முழுக்கப் பல தலைமுறை மாணவர்கள் வெபரை அந்தக் கூண்டு வழியாகத்தான் படித்தோம். அலங்காரம் என்பது கருத்தின் மேல் போடுகிற பூச்சு என்று நான் நினைத்திருந்தது அதோடு போயிற்று.

எனக்கு ஓடு என்றால் அண்டிதான். உடைக்கிறவள் கையையும் பொசுக்குகிற ஓடு.

அதே பார்சன்ஸ் 1951-ல் சமூக அமைப்பைப் பற்றி 555 பக்கத்தில் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். 1959-ல் இன்னொரு அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் அதிலிருந்து நீண்ட பத்திகளை அப்படியே எடுத்துப்போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே சுருக்கமாக எளிய ஆங்கிலத்தில் 'மொழிபெயர்த்து'க் காட்டினார். மொத்தப் புத்தகத்தையும் நூற்றைம்பது பக்கத்தில் சொல்லிவிடலாம் என்றார். எனக்கு அதில் உறைத்தது பக்கக் கணக்கு இல்லை. எளிமையாக்கியதும், மக்கள் ஒத்துப்போவதைப் பற்றி இவ்வளவு பேசுகிற புத்தகத்தில் யார் யாரை எப்படிப் பணிய வைக்கிறார்கள் என்பதற்கு இடமே இல்லை என்பது வெளியே தெரிந்தது. "பலசொல்லக் காமுறுவர் மன்றமா சற்ற சிலசொல்லல் தேற்றா தவர்" என்று வள்ளுவர் சொல்வன்மையில் சொன்னதை நான் சொல்லாடல் கூச்சலில் மறந்திருந்தேன். மில்ஸ் செய்ததை என் அத்தியாயத்துக்கும் செய்து பார்த்தேன். முப்பத்தெட்டுப் பக்கம் பதினொன்றாயிற்று. பதினொன்றிலும் எடை போட்டவர் வரவில்லை.

வழங்கப்பட்டதும் காணாமல் போனதும்

இந்த மாவட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொற்களின் சண்டை புதிது இல்லை. மார்க்ஸ் அந்த முன்னுரையை எழுதிய அதே 1859-ஆம் வருடம், ஜூலை 26-ஆம் தேதி, திருவிதாங்கூர் மகாராஜா உத்திரம் திருநாள் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று பிரகடனம் செய்தார். "உரிமை வழங்கப்பட்டது" என்றுதான் நான் படித்த புத்தகங்களில் இருந்தது. வழங்கியவர் மகாராஜா, சரி. ஆனால் சந்தையில் துணி கிழிபட்டவர்கள், அடுத்த வாரமும் குப்பாயம் போட்டுக்கொண்டு அதே சந்தைக்குப் போனவர்கள், ஏறக்குறைய நாற்பது வருடம் விடாமல் போனவர்கள் அந்த வாக்கியத்தில் எங்கே? பிரகடனத்திலும் ஒரு கொக்கி இருந்தது. மேல்சாதிப் பெண்கள் அணிகிற மாதிரி அணியக் கூடாது என்றது. 'வழங்கப்பட்டது' என்கிற சொல் அந்தக் கொக்கியையும் சேர்த்து மூடிவிடுகிறது. அதைக் கலகம் என்று எழுதியவர்கள் உண்டு, போராட்டம் என்று எழுதியவர்கள் உண்டு. கலகம் என்றால் அடக்கியவர் பக்கம் ஒரு நியாயம் வந்து சேர்ந்துவிடும்.

இவ்வளவு தெரிந்தும், உயர்திணை விகுதி போட்டுவிட்டால் போதும் என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். அதைக் கலைத்தது ஒக்கி. 2017 நவம்பர் 30-ஆம் தேதிப் புயலுக்குப் பிறகு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் திரும்பி வராதவர்களை எல்லாரும் "காணாமல் போனவர்கள்" என்றார்கள். இலக்கணப்படி பழுதே இல்லை, உயர்திணை, பலர்பால். ஆனால் போனது அவர்கள் என்று ஆகிவிடுகிறது. எச்சரிக்கை போய்ச் சேராத கடல், தேடப் போகாத கப்பல், எதுவும் அந்தச் சொல்லில் இல்லை. அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் ஒரு நீளமும் உண்டு. ஏழு வருடம் தகவல் இல்லாமல் இருந்தால்தான் ஒருவரை இறந்தவராகக் கொள்வது வழக்கம். அந்த டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கான மீனவக் குடும்பங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஒரு பெண் சொன்னதாக என் தோழி சொன்னாள்: "அவியளு காணாமப் போகல. நீங்க காணப் போகல."

நான் படித்த எந்தக் கோட்பாட்டு நூலிலும் இப்படி ஒரு திருப்பத்தைப் பார்த்ததில்லை. ஒரே வினை, எழுவாய் மட்டும் மாறுகிறது. இதுதான் சொல்வன்மை என்று எனக்குப் பட்டது. கோட்பாட்டுக்கு மொழி வேண்டும், உவமை வேண்டும், அலங்காரமும் வேண்டும். அது இல்லாமல் யாரும் எதையும் யோசிக்க முடியாது. ஆனால் வாக்கியத்தில் யாரை எந்த இருக்கையில் உட்கார வைக்கிறோம் என்பதற்கு எழுதுகிறவர்தான் பொறுப்பு. என் நெறியாளரிடம் இதைப் பேசினேன். "ஆளைத் தேடினால் அது புகார்க் கடிதம், ஆய்வு ஆகாது" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதில் பாதி உண்மையும் இருந்தது.

எடை

பெரியம்மையின் கேள்விக்குப் பதில் தேடி நான்கு மாதம் அலைந்தேன். எடை போட்டவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவரும் பக்கத்து ஊர்தான், வயதாகி வீட்டோடு இருந்தார். பெரியம்மையின் பெயரைச் சொன்னதும் உள்ளே கூப்பிட்டுக் கட்டஞ்சாயா தந்தார். உடைத்த பருப்பின் எடைக்குத்தான் கூலி. முழுப் பருப்பு ஒரு கணக்கு, உடைந்தது வேறு கணக்கு. எடைக்கு முன்னால் ஈரம், தூசி என்று ஒரு பிடி கழிப்பார்கள். தராசுத் தட்டிலிருந்து எடுத்துக் கூடைக்குப் போடுகிற அந்த ஒரு பிடிதான் என் 'நுண்ணிய வழி'. அவர் அதைக் கையை மடக்கிக் காட்டினார். நீண்ட விரல்கள், பெரிய உள்ளங்கை. "முதலாளி சாயங்காலம் கணக்குக் கேப்பாரு. குறைஞ்சா எனக்க சம்பளத்துல பிடிப்பாரு. நான் எங்க போவேன்?" என்றார்.

அப்புறம் அந்த முதலாளி வரைக்கும் போனேன். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிற பச்சை அண்டியின் விலை டாலரில் ஏறுவதையும், வியட்நாமில் மெஷின் உடைப்பதையும், ஒரு பவுண்டுக்கு 320 பருப்புக்குள் நிற்கிற முழுப் பருப்புக்குத்தான் ஏற்றுமதியில் மதிப்பு என்பதையும் அவர் விளக்கினார். பொய் ஒன்றும் இல்லை. அவருக்கு மேலே வாங்குகிறவர், அவருக்கும் மேலே நான் பார்க்கவே முடியாத யாரோ. சரி, அமைப்பு என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது பெரியம்மையிடம் வந்து சேர்ந்தது ஒருவருடைய உள்ளங்கை வழியாக. கப்பலில் தொடங்கி அந்தப் பிடியில் முடிகிற வழி முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் கொஞ்சம் கழிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் மேலே இருந்து இன்னொருவர் கழிக்கிறார். அந்த வழியை ஆள் ஆளாக எழுதினால் அது புகார்க் கடிதமாகாது என்று இப்போதும் நம்புகிறேன்.

அத்தியாயத்தைத் திருப்பி எழுதி மறுபடியும் அதே திண்ணைக்குப் போனேன். 'குறைக்கப்பட்டது' இருந்த இடத்தில் எடை போட்டவரின் பெயரையே எழுதியிருந்தேன். வாசித்ததும் பெரியம்மை எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "பேரை எடு மக்களே. அவனுக்க பேரப்பிள்ளைய நம்ம ஸ்கூல்லதான் படிக்குது" என்றாள். நீதானே கேட்டாய் என்றேன். "ஆருன்னு கேட்டேன். அவன மட்டும் நிறுத்திவைன்னா சொன்னேன்?" என்றாள். நான் பேனாவால் பெயரை அடித்துவிட்டு, 'எடை போட்டவர் ஒரு பிடி கழித்தார். அவரிடம் முதலாளி கணக்குக் கேட்டார்' என்று வாசித்தேன். தலையை ஆட்டினாள். விகுதியில் இருக்கிற அந்த மனிதர் அவளுக்குப் போதுமாக இருந்தார்.

பக்கத்தைப் புரட்டினேன். "எதிர்ப்புகளும் அவ்வப்போது பதிவாகியுள்ளன" என்கிற வரி மிச்சம் இருந்தது. எப்படியோ என் சிவப்புப் பேனாவுக்குத் தப்பியிருக்கிறது. பெரியம்மை மறுபடியும் நிறுத்தினாள். ஒரு ஓணத்துக்கு முந்தின வாரம் அந்த ஒரு பிடியைக் கழிக்க விடாமல் பன்னிரண்டு பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு தராசின் முன்னால் நின்ற கதையை அப்போதுதான் சொன்னாள். ஐந்து வருட ஆய்வில் நான் அவளிடம் கேட்காத கதை. மத்தியானம் வரை நின்றார்களாம். அந்த வாரம் மட்டும் கழிக்கவில்லையாம். "அதையும் போடு. இதுக்கு பேரு போடலாம், ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ" என்றாள். நான் காகிதத்தைத் திருப்பி வைத்து எழுத ஆரம்பித்தேன். கறுத்த விரலை மடக்கி மடக்கி ஒவ்வொருத்தியாகச் சொன்னாள். இன்னாருக்க மகள், இன்ன விளைக்காரி, சிரிச்சா பல்லு தெரியும். இறந்துபோனவர்கள் நாலு பேர். பதினொன்றில் நின்றுவிட்டாள். பன்னிரண்டாவது ஆள் வரவில்லை. இருட்டுகிற வரைக்கும் யோசித்தாள், வரவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு போன் அடித்தது. மார்த்தாண்டத்துக்கு முதல் பஸ் பிடிக்க நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். "பேனா இருக்கா மக்களே?" என்றாள்.